பதினோரு வீட்டுக்கு விடுதலை

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரைக் கண்டால் எங்கள் தெரு அண்ணன் ஒருவருக்குப் பொறுக்காது. "இன்னாம்மா, மெதுவா ஓடுதா?" என்று கேட்டுக்கொண்டே வாசலில் செருப்பைக் கழற்றுவார். இல்லையண்ணா, நன்றாகத்தான் ஓடுகிறது என்று சொல்லிப் பிரயோசனம் இல்லை. "ஓடுற மாரி தெரியும்மா. உள்ள பூந்து பார்த்தாதான் தெரியும்" என்பார். உள்ளே பூந்து பார்ப்பார். அதற்கப்புறம் அது ஓடாது.

ஒரகடத்தில் லாரிக்குப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். லைனில் வருகிற சாமானை ஒவ்வொன்றாக எடுத்து, உருட்டி, அளந்து, சரியில்லை என்றால் அதன் கழுத்தில் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டி ஓரமாக வைக்க வேண்டியது அவர் வேலை. அந்த வேலையைக் கம்பெனியோடு விட்டுவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். இவர் பாக்கெட்டில் நாலைந்து சிவப்பு அட்டைகளோடுதான் வீட்டுக்கு வருவார்.

எங்கள் தெரு இருங்காட்டுக்கோட்டை தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம். தெருமுனையில் கம்பெனி பஸ்கள் வந்து நிற்கும். பாதி வீடுகளில் எங்களைப் போல உள்ளூர்க் குடும்பங்கள், மீதியில் தெற்கிலிருந்து வேலைக்கு வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன்கள். என் வீட்டுக்காரருக்குக் கார் கம்பெனியில் ஷிப்ட் வேலை. நான் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வைத்து பயோடேட்டா டைப் பண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நெல்லையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் பையோடு வந்து இறங்கும் பையன்கள் அறை பார்த்த கையோடு என்னிடம்தான் வருவார்கள். "கடின உழைப்பாளி, நேரம் தவறாதவன்" என்று எத்தனை பேருக்கு அடித்துக் கொடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதில் பாதிப் பேர் என்னிடமே சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை.

அவர் எதிர்வரிசையில் நாலு வீடு தள்ளிக் குடியிருந்தார். 2007-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, என் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, பாக்கெட்டிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து சி.பி.யு.வில் நூலால் கட்டினார். அட்டையில் "பயன்படுத்தத் தகுதியற்றது" என்று அச்சடித்திருந்தது. காரணம் என்ற இடத்தில் "திருட்டு விண்டோஸ்" என்று பேனாவால் எழுதினார். பயோடேட்டாவுக்காகக் காத்திருந்த பையன்கள் அதை எட்டிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

"இது உன்னோடது இல்லம்மா. வாடகை வூட்ல கீற. அதுவும் வாடகை குடுக்காம கீற" என்றார். "விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்னு ஒண்ணு கீது. சொந்த வூடு. சும்மா தராங்க. ஒலகமே சேர்ந்து கட்டுன வூடு. நீ ஒடைக்கலாம், சேர்க்கலாம், பக்கத்து வூட்டுக்காரனுக்கும் ஒண்ணு எடுத்துக் குடுக்கலாம். எவனும் உன்னைக் கேக்க முடியாது."

அவரிடம் உறை பிரிக்காத சிடிக்கள் இருந்தன. வெளிநாட்டிலிருந்து யாரோ புண்ணியவான்கள் கேட்டவருக்கெல்லாம் தபாலில் இலவசமாக அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. சொந்த வீடு, அதுவும் சும்மா என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? சரி என்றேன். சுவர் மட்டும் இப்போது, கதவும் தண்ணீர்க் குழாயும் பிற்பாடு என்பதை அவர் சொல்லவில்லை.

போட்டு முடித்ததும் பிரிண்டர் வேலை செய்யவில்லை. நான் பதறினேன். அவர் பதறவில்லை. கோளாறு வந்தால் பதறக்கூடாது, ஐந்து தடவை "ஏன்" என்று கேட்டால் காரணம் தானாக வெளியே வரும் என்று அவர்கள் கம்பெனியில் சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏன் பிரிண்ட் வரலை?"

"தெரியலைண்ணா."

"தெரியலைன்னுலாம் எழுதக்கூடாது. காரணம் சொல்லு."

"பிரிண்டர் ஓடலை."

"ஏன் ஓடலை?"

"நேத்து வரைக்கும் ஓடிச்சுண்ணா."

"ஏன் நேத்து ஓடிச்சு?"

"நேத்து நீங்க வரலை."

அதையும் அப்படியே நோட்டில் எழுதினார். "காரணம்: நேற்று நான் வரவில்லை." எழுதிவிட்டு அதன் கீழேயும் ஒரு "ஏன்" போட்டார். கடைசியில் பிரிண்டர் செய்த கம்பெனிக்காரன் லினக்ஸை மதிக்கவில்லை, அதுதான் மூல காரணம் என்று கண்டுபிடித்து அடியில் கோடு போட்டார். மூல காரணம் கிடைத்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்குச் சாப்பிடப் போனார். மறுநாள் இன்டர்வியூ வைத்திருந்த மூன்று பையன்களுக்கு நான் வெள்ளைத்தாளில் கையால் பயோடேட்டா எழுதிக் கொடுத்தேன்.

பிரிண்டர் வருவதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. சத்தம் வருவதற்கு அதற்கு மேல். இன்டர்நெட்டுக்கு வாங்கிய டேட்டா கார்டை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "நெட்டு இல்லைன்னா வைரஸும் வராதுல்ல" என்று அதற்கும் ஒரு நல்லது கண்டுபிடித்தார். கிணறே இல்லாத வீட்டில் பிள்ளை விழாது என்பதைப் போல.

ஒவ்வொரு பொங்கலுக்கும் அவர் வாயிலிருந்து ஒரே வாழ்த்துதான் வரும். "இந்த வருஷம் பாரு, வூட்டுக்கு வூடு லினக்ஸ்தான்." 2008-லும் அதுதான், 2009-லும் அதுதான். பொங்கல் பொங்கியது. மற்றது பொங்கவில்லை. நான் ஒரு வருடம் "போன வருஷமே வர்றேன்னு சொல்லிச்சேண்ணா, பஸ்ஸைத் தவற விட்டுடுச்சா?" என்று கேட்டேன். சிரித்தார். அவரைக் கிண்டல் பண்ணுவதில் இதுதான் சங்கடம். என்ன சொன்னாலும் சிரித்துவிட்டு, "உனக்கு இன்னா பிரச்சினைன்னு சொல்லு, சரி பண்றேன்" என்று கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார்.

என் வீட்டோடு நிற்கவில்லை. இரண்டு மூன்று வருடத்தில் தெருவில் பதினோரு வீட்டுக் கம்ப்யூட்டருக்கு விடுதலை வாங்கிக் கொடுத்துவிட்டார். யாரும் கேட்கவில்லை. யாரும் மறுக்கவும் இல்லை. ஏன் மறுக்கவில்லை என்று கேட்டால், அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். அந்த மனுஷனுக்கு வாரத்தில் கிடைக்கிற ஒரே விடுப்பு அது. கம்பெனியில் ஓ.டி. பார்க்கக் கூப்பிட்டாலும் போகாமல் சிடியை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவார். டீ கொடுத்தால்கூட "முதல்ல இது ஏந்திரிக்கட்டும்" என்பார். டீ ஆறி ஆடை கட்டும்வரை அது எழுந்திருக்காது. இப்படி ஒருவர் வந்து உட்கார்ந்தால் "வேண்டாம், போய்ட்டு வாங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் எங்கள் தெருவில் யாருக்கும் இல்லை. பின்னால் பேசச் சொன்னால் ஆளுக்கு ஒரு மணி நேரம் பேசுவோம்.

ஒவ்வொரு வீட்டிலும் கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் அவர் கைப்பட எழுதிய தாள் ஒன்று தொங்கும். மெஷின் பக்கத்தில் ஒட்டுவார்களே, அந்த மாதிரி. "படி ஒன்று: பொத்தானை அழுத்தவும். படி இரண்டு: காத்திருக்கவும். படி மூன்று: வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். படி நான்கு: என்னைக் கூப்பிடவும்." என்னுடைய அனுபவத்தில் படி மூன்றைத் தவிர மற்றதெல்லாம் எங்களால் செய்ய முடிந்தது.

முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை நாங்கள் முதுகுக்குப் பின்னால் செய்தோம். குன்றத்தூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ஒருவரை வரவழைத்து, அண்ணன் போட்ட லினக்ஸை அழிக்காமல், அதன் பக்கத்திலேயே பழைய விண்டோஸையும் போட்டுக்கொண்டேன். கம்ப்யூட்டரைப் போட்டதும் இரண்டு பெயர் வரும். பத்து நொடிக்குள் எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். விட்டுவிட்டால் லினக்ஸ் வரும். "ஒரே மெஷினுக்குள்ள ரெண்டு பேரும் சண்டை போட்டுக்காதா?" என்று கேட்டேன். "எங்க ஊர் முருகனே ரெண்டு பேரை வெச்சிக்கினு நல்லாத்தான் கீறார்மா, இதுக்கு இன்னா?" என்றார் கடைக்காரர். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஒரு மாதத்தில் பதினோரு வீட்டுக்கும் கடைக்காரர் வந்துவிட்டுப் போனார்.

ஆனால் அண்ணன் திடீரென்று வந்து நின்றால் திரையில் எது ஓட வேண்டும்? அதற்கும் தெரு ஒரு வழி வைத்திருந்தது. அவர் மொபெட்டை எடுத்தாலோ, சிடிப் பையோடு தெருவில் இறங்கினாலோ முந்தின வீட்டிலிருந்து எனக்கு ஒரு மிஸ்டு கால் வரும். வந்ததும் நான் அடுத்த வீட்டுக்குக் கொடுப்பேன். அவர்கள் அதற்கடுத்த வீட்டுக்கு. அவர் வருவதற்குள் பதினோரு கம்ப்யூட்டரும் நிறுத்தி எழுப்பப்பட்டு லினக்ஸ் முகத்தோடு உட்கார்ந்திருக்கும். "எப்டிம்மா போவுது?" என்பார். "நல்லா போவுதுண்ணா" என்போம். நோட்டில் ஒரு டிக் போட்டுக்கொள்வார். தீ விபத்து ஒத்திகையைக்கூட எந்தக் கம்பெனியும் இத்தனை ஒழுங்காக நடத்தியிருக்காது.

பவர் கட் காலம் மட்டும்தான் அவருக்குத் துணையாக இருந்தது. கரண்ட் போய்ப் போய் வந்த வருடங்கள் அவை. கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்த் திரும்பினால் பத்து நொடி கடந்து லினக்ஸ் வந்திருக்கும். மூலை வீட்டு அம்மா அதற்குப் "பவர் கட் கம்ப்யூட்டர்" என்றே பெயர் வைத்திருந்தார்கள். அதில் தமிழில் எல்லாம் எழுதியிருப்பதால் தனக்கு அதுதான் புரிகிறது என்று ஒருநாள் மெதுவாகச் சொன்னார்கள். நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணனிடம் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் அந்த வீட்டுக்கே குடி போயிருப்பார்.

பிறகு போன்கள் வந்தன. தடவுகிற போன். 2013 வாக்கில் தெருவில் அறை எடுத்திருந்த பையன்கள் எல்லார் கையிலும் ஒன்று. கம்ப்யூட்டரைத் தொடாதவர்கள்கூட அதைத் தடவிக்கொண்டிருந்தார்கள். நான் அண்ணனைக் கூப்பிட்டு, "உங்க லினக்ஸ் வரலை, போன் வந்துடுச்சு. இனிமே வூட்டுக்குக் கம்ப்யூட்டரே வேணாமாம்" என்று குத்தினேன்.

"போனுக்குள்ள இன்னா கீதுன்னு நெனச்ச? லினக்ஸ்தாம்மா!" என்றார்.

இட்லிக்குள் உளுந்து இருக்கிறது என்பதற்காக உளுந்துக்கு யாரும் மாலை போடுவதில்லை. அதைச் சொன்னேன். வழக்கம்போலச் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"நீ சொல்றதும் சரிதான். உள்ள கீது, ஆனா பூட்டி வெச்சிருக்கான். சாவி நம்ம கையில இல்ல. நான் கேட்டது இது இல்லம்மா" என்றார். "ஒரு வூட்டுப் பொம்பளை, எவன் தயவும் இல்லாம, தன் மெஷினுக்குள்ள இன்னா நடக்குதுன்னு தெரிஞ்சிக்கினு ஒக்காரணும். அவ்ளோதான் நான் கேட்டது." சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றைக்கு நோட்டை எடுக்கவே இல்லை. எனக்குக் கொஞ்சம் உறுத்தலாக இருந்தது. மறுநாள் விண்டோஸைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

2014 கடைசியில் அவர் கம்பெனியில் அந்த லைனை மூடி, மெஷின்களைக் கழற்றி வேறு மாநிலத்துக்கு லாரியில் ஏற்றினார்கள். அவர் உட்பட ஒரு ஷிப்ட் முழுக்க வெளியே வந்தது. அவர் கவலைப்படவில்லை. இருபது வருட குவாலிட்டி அனுபவம், இந்த ரோடு முழுக்கக் கம்பெனி, ஒரு மாதத்தில் வேலை என்றார். பயோடேட்டாவை நான் அடித்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம், தானே செய்துகொள்வதாகச் சொன்னார்.

ஒரு மாதம் நாலு மாதம் ஆயிற்று. காலையில் கம்பெனி பஸ் வரும் நேரத்துக்கு முழுக்கைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வாசலில் உட்காருவார். பஸ் போனதும் உள்ளே போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை ரவுண்டுக்கு வருவது நின்றுபோயிற்று. மிஸ்டு கால் வருவதும் நின்றது. தெருவில் எல்லாருக்கும் நிம்மதி என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் யாரும் அதைச் சொல்லவில்லை.

ஒருநாள் மத்தியானம் அவர் மனைவி ஒரு பென் டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார்கள். அண்ணிக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். அதிகம் பேச மாட்டார்கள். அன்று வந்ததும் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்கள்.

"என்னத்தச் சொல்ல தங்கச்சி. அவுகளும் அனுப்புதாக, அனுப்புதாக. ஒருத்தனும் போன் போட மாட்டுக்கான். இன்னும் ஒரு மாசம் பார்த்துட்டு ஊருக்கே போயிருவோம்னு சொல்லுதாக. அங்க போயி இவுக என்ன செய்வாக? பிள்ள பத்தாங் கிளாஸ் வேற. நீ எத்தனை பேருக்கு அடிச்சிக் குடுத்திருக்க. இதக் கொஞ்சம் பாரு. அவுகளுக்குத் தெரிய வேண்டாம்."

பென் டிரைவைப் போட்டேன். அவருடைய பயோடேட்டா இருந்தது. இரண்டு தரம் தட்டினேன். திறக்கவில்லை. இந்த ஃபைலை எதில் திறப்பது என்று விண்டோஸ் என்னைத் திருப்பிக் கேட்டது. உடனே எனக்கு விளங்கிவிட்டது. எல்லாரும் பயோடேட்டாவை விண்டோஸில் திறக்கும் டாக் ஃபைலாக அனுப்புவார்கள். இவர் தன்னுடைய லினக்ஸில் அடித்து, அதன் சொந்த வடிவத்திலேயே நாலு மாதமாக அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். இந்த ரோட்டில் உள்ள ஒவ்வொரு ஹெச்.ஆரும் இரண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போயிருப்பான்.

"அண்ணி, இதை யாராலயும் தொறக்கவே முடியாது. டாக்கா மாத்தி அனுப்பச் சொல்லி ஒருத்தர்கூடச் சொல்லலியா?"

"ஒரு கம்பெனில சொன்னாகளாம். நீங்கதான் தொறக்கப் படிக்கணும்னு பதில் எழுதிட்டாகளாம்."

நாலு பேரைக் கூட்டி வைத்துச் சொல்லிச் சிரிக்க வேண்டிய விஷயம். ஏழெட்டு வருடமாக நான் காத்திருந்த சமாச்சாரம் என் மடியில் வந்து விழுந்திருந்தது. எனக்கு அழுகைதான் வந்தது. வேலைக்காக வாசலில் இஸ்திரிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தவர், அந்த வேலையையே இதற்காகப் பணயம் வைத்திருந்தார். என்ன மனுஷன் இவர் என்று ஆத்திரமாகவும் வந்தது.

அதைத் திறக்க ஒரே வழிதான். கம்ப்யூட்டரை நிறுத்தி எழுப்பி, நானாக விரும்பி முதல் தடவையாக லினக்ஸைத் தேர்ந்தெடுத்தேன். தட்டியதும் திறந்தது. ஒரு கோளாறும் இல்லை. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பயோடேட்டா சுத்தமாக இருந்தது, அவர் கையெழுத்தைப் போலவே. கடைசிப் பக்கத்தில் "வேலைக்கு வெளியே செய்தவை" என்று ஒரு தலைப்பு. அதன் கீழே ஆங்கிலத்தில் இப்படி ஒரு வரி: பதினோரு குடும்பங்களுக்கு லினக்ஸ் நிறுவி, பயன்படுத்தக் கற்றுக் கொடுத்தேன், பதினோரு குடும்பங்களும் இன்றுவரை அதையே பயன்படுத்துகின்றன. கூடவே பதினோரு வீட்டின் பெயர். முதல் பெயர் என்னுடையது.

அண்ணியும் படித்தார்கள். "அந்த வரிய எடுத்துரு தங்கச்சி. அது பொய்யில்லா? எவனாது ஒரு வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டா அவுக மானம் போயிரும்" என்றார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பொய்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாதா? அவுக வண்டிய எடுக்கும்போது மொத மிஸ்டு கால் குடுக்கதே நாந்தான்."

இத்தனை வருடமாக அது வரிசையின் முதல் வீட்டிலிருந்து கிளம்புகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் வீட்டுக்கு யார் கொடுக்கிறார்கள் என்று யோசித்ததே இல்லை.

"எந்த வீட்லயாது அவுக மொகம் வாடிரக் கூடாதுல்லா" என்றார்கள் அண்ணி. வெட்கப்பட்டவர்களைப் போலப் புடவை நுனியைச் சரி செய்துகொண்டார்கள்.

அந்த வரியில் கர்சரை வைத்துக்கொண்டு நான் யோசித்தேன். எழுதியவர் பொய் எழுதவில்லை. பொய் சொன்னவர்கள் நாங்கள் பதினோரு பேர், வாராவாரம், டீயும் கொடுத்து. அவர் நம்பினதை எழுதியிருக்கிறார். எங்கள் பொய்க்கு அவர் பயோடேட்டாவை நான் ஏன் வெட்ட வேண்டும்? அப்படியே விட்டேன். டாக் ஃபைலாக மாற்றி, அவர் ஏற்கெனவே அனுப்பிப் பதில் வராத கம்பெனிகளின் பட்டியலை அண்ணியிடம் வாங்கி, ஒன்று விடாமல் என் மெயிலிலிருந்து அனுப்பினேன். மறுநாள் காலையில் மற்ற பத்து வீட்டுக்கும் போய், எந்தக் கம்பெனியாவது போன் பண்ணிக் கேட்டால் ஆமாம் என்று சொல்ல வேண்டும் என்று சொல்லிவைத்தேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. மூலை வீட்டு அம்மா மட்டும், "நான் பொய் சொல்லத் தேவையில்லம்மா, எனக்கு அதுதான் வரும்" என்றார்கள்.

ஒரு வாரத்தில் மூன்று கம்பெனியிலிருந்து அவருக்குப் போன் வந்தது. இரண்டாவது இடத்திலேயே எடுத்துக்கொண்டார்கள்.

இருங்காட்டுக்கோட்டைக் கம்பெனி அது. இன்டர்வியூ முடிந்து அவர் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக என் வீட்டுக்கு வந்தார். கையில் இனிப்புப் பெட்டி. என் வீட்டுக்காரர் அன்று வீட்டில் இருந்தார். நடந்ததெல்லாம் அவருக்குத் தெரியும். மொபெட் சத்தம் கேட்டு அண்ணியும் பின்னாலேயே ஓடிவந்து கேட்டருகே நின்றார்கள்.

"குவாலிட்டில இல்லம்மா, ட்ரெயினிங்ல போட்டுட்டாங்க" என்றார் அண்ணன். "மேனேஜர் அந்தப் பதினோரு வூட்டை எடுத்து வெச்சிக்கினு கேக்குறார். யார் சொல்லிப் போனீங்க? யாரும் சொல்லலை சார். காசு வாங்கினீங்களா? இல்ல சார். ஒரு வூட்லகூட எடுத்துக் கடாசலியா? ஒரு வூட்லயும் கடாசல சார். புதுசா வர்ற பசங்க ஒரு வாரத்துல ஓடிடறாங்க, நீங்க வந்து கத்துக்குடுங்கன்னுட்டார்."

"சந்தோஷம்ணா" என்றேன்.

"அது கெடக்கட்டும். மெயின் விஷயம் அது இல்ல." நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எழுந்து வரும்போது கேட்டேன். சார், என் ஃபைலை எதுல தொறந்தீங்கன்னு. அவருக்கு இன்னா கேக்குறேன்னே புரியல. டபுள் கிளிக் பண்ணேன், தொறந்துச்சு, ஏன்னு கேக்குறார். டபுள் கிளிக்காம்! தொறந்துகிச்சாம்! நாலு மாசம் ஒருத்தனும் தொறக்கல, இப்ப ஒரு வாரத்துல மூணு கம்பெனி தொறக்குதுன்னா இன்னா அர்த்தம்? வந்துடுச்சும்மா. ஆபீஸ்ல வந்துடுச்சுன்னா வூட்டுக்கு வர எவ்ளோ நாள்?"

அவர் கண் கலங்கியிருந்தது. வேலை கிடைத்ததற்காக அல்ல. என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல், "அண்ணே, உங்ககிட்ட ஒரு உண்மையை..." என்று ஆரம்பித்தார். கேட்டருகே அண்ணி அசையாமல் நின்றுகொண்டிருந்தார்கள். நான் வீட்டுக்காரரின் காலை மிதித்தேன். நன்றாகவே மிதித்தேன்.

"உண்மையைச் சொல்லணும்னா நீங்க சொன்னதுதாண்ணா சரி. நான்தான் நம்பலை. வந்துடுச்சு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் கிண்டல் செய்கிறேனா என்று பார்த்தார். என் வாய் அப்படி. இல்லை என்று தெரிந்ததும் இனிப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சின்னப்பிள்ளையைப் போல அழுதார். "உன் வாயால வந்துச்சேம்மா. ஒலகமே ஒத்துக்கினாலும் நீ ஒத்துக்க மாட்டேன்னு நெனச்சேன்" என்றார். நானும் அழுதேன். என் வீட்டுக்காரர் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடக் கடைசியில் அவர்கள் குன்றத்தூருக்குக் குடி போனார்கள். அண்ணியோடு மட்டும் எப்போதாவது போனில் பேசுவேன். கம்பெனியில் புதிதாக வரும் பையன்கள் அத்தனை பேர் வீட்டிலும் லினக்ஸ் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறாராம். ஒரு வீட்டிலும் புகார் இல்லையாம். நம்பாமல் என்ன செய்வது?

நடந்ததை அவரிடம் இன்றுவரை யாரும் சொல்லவில்லை. இதை எழுதும்போது கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. இது சுற்றிச் சுற்றி அவர் கைக்கே போய்ச் சேர்ந்துவிட்டால்? பிறகு யோசித்துப் பார்த்தேன், பயப்பட ஒன்றுமில்லை. இதை டாக் ஃபைலாகத்தான் சேமித்திருக்கிறேன். அவர் திறக்க மாட்டார். சரியான வடிவத்தில் அனுப்பும்மா என்று ஒரு பக்கத்துக்கு அறிவுரை எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்.